தோழன் இல்லாத கலியாணப் படம்

அத்தியாயம் 11

கலியாணமாகி எட்டு வருடம். அதில் கௌசலா புருஷனோடு ஒரே வீட்டில் இருந்தது பதினொரு மாதம். மிச்சமெல்லாம் ரெலிபோனில்.

கனடாவிலிருந்து புருஷன் சிவகுருநாதன் அவளைக் கூப்பிடப் பதிவு செய்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, கொழும்பிலுள்ள எம்பசியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இரு பகுதிக் குடும்பத்தாரும் நிற்கும் கலியாணப் படங்கள் அறுபது நாளுக்குள் வேண்டும். கேட்டது சின்ன விஷயம்தான். ஆனால் வீட்டில் அல்பம் இல்லை. போன புரட்டாதியில், லிங்கநகரில் வீடு வீடாகச் சோதனை வருகிறது என்று கேள்விப்பட்ட அன்று, அவளுடைய அப்பா கனகரத்தினம் அதைக் கிணற்றடியில் வைத்து எரித்துவிட்டார். முக்கால்வாசிப் படங்களில் அவருடைய மகன் தயாபரன் இருந்தான். அக்காவின் கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் இயக்கத்துக்குப் போனவன் அவன்.

அல்பம் போனாலும் நெகட்டிவ் போகவில்லை. கூறைச்சேலையை வெயிலில் போட எடுத்தபோது பெட்டியின் அடியில் பழுப்பு உறை ஒன்று கிடந்ததையும், அதற்குள் எண்ணெய்த்தாள் பைகளில் ஆறு ஆறு படமாக நறுக்கிய நெகட்டிவ்கள் இருந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் நின்றது. மறுநாள் கனகரத்தினம் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏழு மாதமாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொன்னார். போன ஆவணியில் மூதூர்ப் பக்கம் சண்டை நடந்தபோது தம்பி பரன் செத்துவிட்டான். ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவர் சொன்னது. அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

இனி வெள்ளிக்கிழமைக் கதை.

காலை ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தது.

"நெகட்டிவ் கிடைச்சது நல்லதாப் போச்சு," என்றான் சிவகுருநாதன். "ஆனா தம்பியார் இருக்கிற படம் ஒண்டும் அனுப்பாதை."

ரெலிபோனில் அவர்கள் பரனின் பெயரைச் சொல்வதில்லை. ஆர் ஆர் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியாத காலம்.

"எல்லாத்திலையும் இருக்கிறான்," என்றாள் கௌசலா. "அவன்தானே மாப்பிள்ளைத் தோழன். உங்களுக்குப் பக்கத்திலை தலைப்பாகை கட்டிக்கொண்டு இருந்தவன்."

"அதுதான் சொல்லுறன். உனக்குச் சகோதரம் இல்லையெண்டுதான் படிவத்திலை எழுதிக் குடுத்தனான்."

கௌசலா ரெலிபோனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, திரும்பவும் வைத்தாள்.

"அப்பிடியே எழுதினனீங்கள்? கையெழுத்துப் போடுற பக்கம் மட்டும்தானே எனக்கு வந்தது."

"பின்னை என்னத்தை எழுதுறது? அங்கை போன ஆள் எண்டோ? உன்னை இந்தப் பிறவியிலை எடுக்க ஏலாமல் போயிருக்கும். உனக்காகத்தான் செய்தனான்." அவன் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. இரண்டாம் வேலை முடித்து வந்து கதைக்கிறான். "எம்பசியிலை தமிழ் ஆக்களும் வேலை செய்யினம். தோழனெண்டா பொம்பிளையின்ரை தம்பிதான் எண்டு அவைக்குத் தெரியாதே? படத்தைப் பாத்தவுடனை இது ஆர் எண்டு கேப்பினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"கொம்பியூட்டரிலை ஆளை எடுத்துவிட ஏலும். இஞ்சை கடையளிலை செய்யினம். அங்கையும் செய்வினம். பின்னேரம் திருப்பிக் கோல் எடுக்கிறன்."

பரன் இல்லை என்பதை அவள் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

கனகரத்தினம் கதவு நிலையில் சாய்ந்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கௌசலா ரெலிபோனை வைத்துவிட்டு, புருஷன் சொன்னதை அவரிடம் மெல்லச் சொன்னாள். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் ஸ்ரோர் கீப்பராக இருந்தவர். எதையும் இருக்கிறது, இல்லை என்று இரண்டாகப் பிரித்துப் பழகியவர்.

"மருமகன் சொல்லுறது சரி," என்றார் மெதுவாக. "எடுத்துவிடு பிள்ளை. இல்லாதவனைப் படத்திலை வைச்சிருந்து என்ன காணப்போறம்? நீயெண்டாலும் போய்ச் சேர்."

குசினிக்குள்ளிருந்து, அடுப்படியில் நின்ற அம்மா புஷ்பவதியின் குரல் வந்தது.

"என்னவாம் அவர்?"

"படத்தைக் கெதியாச் செய்யட்டாம், அம்மா."

"எந்தக் கடையிலை குடுக்கப் போறாய்?"

"மத்திய வீதியிலை அஸீம் எண்டொரு பெடியன். நெகட்டிவிலை இருந்து நேரே கொம்பியூட்டருக்கு எடுப்பானாம்."

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "நான் றம்லா வீட்டை போயிட்டு வாறன். சட்டை தைக்கக் குடுத்தது," என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் தையல்கார றம்லாவிடம் போவது வழக்கம்.

வெள்ளிக்கிழமை என்பதால் அஸீம் பன்னிரண்டு மணிக்கு ஜும்மாத் தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிடுவான். கௌசலா ஒன்பது மணிக்கே போய்விட்டாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஊருக்குள்ளேயே திரிகிற மான்கள் இரண்டு வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன. சென்றிக் காவலரணில் அன்று அவ்வளவு நெருக்கடி இல்லை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

கடை ஒரு அறைதான். முன்பக்கம் போட்டோக் கொப்பி மெஷின், பின்னால் மேசையில் கொம்பியூட்டரும் ஸ்கேனரும். முப்பது வயது மதிக்கத்தக்க அஸீம் சவூதியில் ஒரு ஸ்டூடியோவில் நாலு வருடம் இந்த வேலை பார்த்தவன். உறையைத் திறந்து ஒரு துண்டை விளிம்பில் பிடித்து ரியூப் லைற்றுக்கு நேரே உயர்த்தினான்.

"பூஞ்சணம் கொஞ்சம் பிடிச்சிரிக்கி, அக்கா. பயமில்ல. முகத்தில படல்ல."

கௌசலாவும் எட்டிப் பார்த்தாள். செம்மண் நிறத் துண்டுக்குள் அவளுடைய கலியாணம் தலைகீழாக இருந்தது. தலைமயிர் வெள்ளை. பல் கறுப்பு. சிவப்புக் கூறை பாசிப்பச்சையாகத் தெரிந்தது. ஆர் மாப்பிள்ளை, ஆர் தோழன் என்றுகூடப் பிடிபடவில்லை.

அஸீம் ஒரு ரப்பர் பந்தை அமுக்கித் தூசியை ஊதினான். மெல்லிய தூரிகையால் ஒரு தடவை தடவினான். துண்டை ஒரு பிளாஸ்ரிக் சட்டத்துக்குள் செருகி ஸ்கேனரில் வைத்து மூடினான்.

"ஒரு படத்துக்கு நாலு நிமிஷம் எடுக்கும். கரண்ட் போகாட்டி நல்லது."

மெஷின் உள்ளே மெல்ல ஊர்ந்தது. திரையில் மேலிருந்து கீழாக ஒரு படம் இறங்கி வந்தது. முதலில் பந்தலின் வெள்ளைத்துணி. பிறகு வாழைக்குலை. பிறகு இரண்டு தலைப்பாகைகள்.

தாலி கட்டுகிற படம் அது. சிவகுருநாதன் முன்னால் குனிந்திருக்கிறான். அவனுடைய தலைப்பாகை சரிந்து விழப் பார்க்கிறது. பக்கத்தில் இருந்த தோழன் ஒரு கையை நீட்டி அதைப் பிடித்திருக்கிறான். பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

இருபது வயது. மீசை அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது.

கௌசலா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருடமாக அவன் முகத்தை நினைத்து நினைத்து, நினைவில் இருந்த முகம் வேறாகிப் போயிருந்தது. இதுதான் உண்மையான முகம். அவளுக்கு அழுகை வரவில்லை. எட்டித் திரையைத் தொடவேண்டும் போல இருந்தது.

"நானா, போட்டோ ரெடியா?"

அஸீமை அண்ணன் முறையில் அப்படிக் கூப்பிட்டபடி வாசலில் நேவிக்காரன் ஒருவன் நின்றான். இளம் ஆள். துவக்கைத் தோளில் மாட்டியபடியே உள்ளே வந்தான். திரை அவன் பக்கமாகத்தான் திரும்பியிருந்தது. அஸீம் அதை மூடவில்லை. மூடினால்தான் பிழை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

நேவிக்காரன் தன் படங்களை எண்ணிப் பார்த்தான். ஒரு கைக்குழந்தையின் படம், ஆறு பிரதி. பிறகு திரையைப் பார்த்தான்.

"கலியாணமா?"

"ஓம்," என்றாள் கௌசலா. "என்னுடைய கலியாணம்."

அவன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "மாப்பிள்ளை ரெண்டு பேரா?"

அஸீம் சிரித்தான். ஒருவர்தான் மாப்பிள்ளை, மற்றவர் துணைக்கு இருக்கிற ஆள் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினான். நேவிக்காரன் தலையாட்டிக் கேட்டான். "நல்ல ஆள். தொப்பி விழாமப் பிடிக்குது," என்று தமிழில் சொல்லிவிட்டு, குழந்தையின் படங்களைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அவன் தெருவைக் கடந்தபிறகுதான் அஸீம் அவள் பக்கம் திரும்பினான்.

"இது பரன்தானே, அக்கா?" என்றான் அஸீம்.

"ஓம்."

"வெள்ளைமணல் பக்கம் மெட்ச் நடந்தா எங்கட ரீமுக்கு வந்து விளையாடுவார்." அவன் கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தான். "இப்ப என்ன செய்யணும்?"

"ஆளை எடுத்துவிட ஏலுமே, தம்பி?"

அஸீம் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சுட்டியைக் கையில் எடுத்தான்.

வேலை முக்கால் மணித்தியாலம் பிடித்தது. வாழையிலையில் ஒரு துண்டையும் பந்தல் துணியில் ஒரு துண்டையும் பிரதி செய்து, பரனுக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினான். முதலில் வேட்டி போனது. பிறகு தோள். முகத்தை அவன் கடைசிக்கு வைத்திருந்தான்.

"எடுக்கட்டா?"

"எடுங்கோ."

முகம் இருந்த இடத்தில் வாழையிலை வந்தது.

"இந்தக் கைதான் கரைச்சல்," என்றான். "கைய எடுத்தா தலைப்பாகை அந்தரத்தில நிக்கிற மாதிரி இரிக்கும்."

"பரவாயில்லை. எம்பசிக்காரர் தலைப்பாகையைப் பாக்கமாட்டினம்."

கையும் போனது. வேலை சுத்தமாக இருந்தது. தெரியாத ஒருவர் பார்த்தால் அங்கே ஓர் ஆள் இருந்தான் என்று சொல்லவே முடியாது. கௌசலாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கொஞ்சமாவது பிசகியிருக்கலாம் என்று நினைத்தாள்.

நாலு படங்களை அப்படிச் செய்தார்கள். அஸீம் அவற்றைப் பெரிதாக அடித்துக் கொடுத்தான். நெகட்டிவ்களைப் பழையபடி எண்ணெய்த்தாளில் இட்டான். சீடியை உறைக்குள் வைக்கும்போது, "முதல்ல எடுத்தத நான் அழிக்கல்ல, அக்கா. ரெண்டும் இதுக்குள்ள இரிக்கி," என்றான்.

அவள் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பின்னேரத் தேத்தண்ணி போடும்வரை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கௌசலா உறையை அலுமாரியில் சேலைகளுக்குள் வைத்திருந்தாள். அம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"படத்தைக் காட்டு, பிள்ளை."

கௌசலா அப்பாவைப் பார்த்தாள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். இனி ஒளிக்க வழியில்லை. எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

புஷ்பவதி தாலி கட்டுகிற படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்து, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தலைப்பாகையைப் பிடிச்ச கை எங்கை?"

அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள்.

"பரன் எங்கை, கௌசி?"

"பிள்ளையை ஏசாதை, புஷ்பம்," என்றார் கனகரத்தினம். "நான்தான் எடுக்கச் சொன்னனான்."

"அல்பத்தை எரிச்சியள். பேசாமல் நிண்டு பாத்தனான்." அம்மாவின் குரல் உயரவில்லை. "நெகட்டிவையும் தேடுவியள் எண்டுதான் அதைக் கூறைக்குக் கீழை கொண்டுபோய் வைச்சனான். கடைசியிலை அதுக்குள்ளையும் கை வைச்சிட்டியள்."

"நீயோ அதை அங்கை வைச்சது?" என்றாள் கௌசலா.

"பின்னை ஆர்? நெகட்டிவ் தானாப் போய்ப் பெட்டிக்குள்ளை ஏறுமே?"

கனகரத்தினம் யன்னலை விட்டு வந்தார். கதிரையில் இருக்காமல் மேசையில் ஒரு கையை ஊன்றினார்.

"புஷ்பம், நான் சொல்லுறதைக் கேள். எனக்கு இதைச் சொல்ல வாய் வரேல்லை. அவன் இல்லை. போன ஆவணியிலை மூதூர்ச் சண்டையிலை... முடிஞ்சுது. எனக்கு அப்பவே தெரியும். நீ தாங்கமாட்டாய் எண்டு சொல்லேல்லை."

கௌசலா எழும்பி அம்மாவின் பின்னால் போய் நின்றாள். விழுந்தால் பிடிக்கவேண்டும். ஆனால் அம்மா விழவில்லை. படத்தை மேசையில் வைத்தாள்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஈச்சிலம்பற்று ஆள் ஒருத்தர்."

"அவர் கண்ணாலை கண்டவரே?"

"கேள்விப்பட்டவர்."

"நான் அவனோடை கதைச்சனான்," என்றாள் புஷ்பவதி. "தை மாதம் ஒருக்கா. பிறகு மாசியிலை. இண்டைக்குக் காலமையும் கதைச்சனான்."

கௌசலாவுக்கு முதலில் விளங்கவில்லை. துக்கத்தில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அம்மாவின் தோளைத் தொடப் போனார். அம்மா அவர் கையை விலக்கினாள்.

"எனக்குப் பைத்தியமில்லை. சண்டையிலை கால் உடைஞ்சு, எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டான். பேசாலைக் கரையிலிருந்து வள்ளத்திலை அக்கரைக்குப் போனவன். இப்ப மண்டபத்திலை, அகதி முகாமிலை இருக்கிறான். எங்கடை நம்பருக்கு எடுக்கப் பயம். றம்லா வீட்டு ரெலிபோனுக்குத்தான் வெள்ளிக்கிழமையிலை எடுப்பான்."

கனகரத்தினம் இப்போதுதான் கதிரையில் இருந்தார். ஏழு மாதமாக மகன் இல்லையென்று வாழ்ந்தவர். அந்த ஏழு மாதமும் மனைவியின் முகத்தைப் பார்க்கும் போதெல்லாம் ஐயோ இவளுக்குத் தெரியாதே என்று நினைத்தவர்.

"எனக்கேன் சொல்லேல்லை, புஷ்பம்?"

"மகன்ரை படத்தை நெருப்பிலை போட்ட மனிசனிட்டை நான் என்னெண்டு சொல்லுறது?"

கனகரத்தினம் மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தார். பிறகு கேட்கப் பயந்த குரலில் கேட்டார்.

"அவன் என்னைப் பற்றிக் கேட்டவனே?"

"ஒவ்வொருக்காவும் கேப்பான். அப்பா இன்னும் கோவமோ எண்டு கேப்பான்." புஷ்பவதி சேலைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். "இல்லையெண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

கனகரத்தினம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். கௌசலா அப்பா அழுது பார்த்ததில்லை. அம்மா அவரைத் தேற்றவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

தம்பி உயிரோடு இருக்கிறான். கௌசலாவுக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் காலையில் புருஷன் சொன்னது மனதுக்குள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. செத்துப்போனவனை மறைத்தால் அது ஒரு பொய்யோடு போய்விடும் என்று நினைத்திருந்தாள். இருக்கிறவனை மறைப்பது அப்படியில்லை. இன்றைக்கு இல்லையென்று எழுதிக் கொடுத்த தம்பியை நாளைக்கு இருக்கிறான் என்று எந்த முகத்தோடு சொல்வது? மண்டபத்தில் கால் உடைந்து கிடக்கிறவனுக்கு அக்கா என்று கையெழுத்து வைக்கவேண்டி வந்தால் என்ன செய்வது? அதே நேரம், உண்மையைச் சொன்னால் எட்டு வருடம் இன்னொரு எட்டு வருடமாகலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். முப்பத்தைந்து வயது அவளுக்கு.

ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தது.

அவள்தான் எடுத்தாள். அப்பாவும் அம்மாவும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"என்ன, படம் சரி வந்ததே?" சிவகுருநாதன் நித்திரையால் எழும்பிய குரலில் கேட்டான். "சுத்தமா எடுத்தவனே?"

"சுத்தமா எடுத்தவன். நான் அதை அனுப்பப் போறதில்லை."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"எங்கடை கலியாணப் படத்திலை ஒரு பிழையும் இல்லை," என்றாள் கௌசலா. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்கள் நிரப்பின படிவம்தான் பிழை. அதை முதலிலை திருத்துங்கோ. தாமதமானாலும் பரவாயில்லை, நான் காத்திருப்பன்."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவள் இரண்டு தரம் "ஹலோ" சொன்னாள்.

"திருத்த ஏலாது, கௌசி," என்றான் அவன் கடைசியில். "நேற்று லோயரிட்டைப் போய்ச் சத்தியக்கடதாசி முடிச்சுக் குடுத்திட்டன். உனக்குக் கூடப்பிறந்தது ஒருத்தரும் இல்லையெண்டு, என்ரை கையெழுத்திலை."